கொஞ்சம் சுகமில்லையாம்

எங்கள் குடும்பத்தில் யாரும் இறந்துபோனதாக ஒருவரும் வந்து சொன்னது கிடையாது. எல்லோருக்கும் கொஞ்சம் சுகமில்லாமல்தான் வந்தது. மூதூரில் இருந்த மாமிக்குக் கொஞ்சம் சுகமில்லை என்றார்கள். லோஞ்சில் ஏறிக் கடலைக் கடந்து போய் இறங்கினால், அவவைக் குளிப்பாட்டித் தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார்கள். துறைமுகத்து டொக்யாட்டில் அப்பாவோடு வேலை செய்த ஒருவருக்குக் கொஞ்சம் சுகமில்லை. அப்பா போய் அவருடைய பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் தாங்கிவிட்டு வந்து கிணற்றடியில் குளித்தார்.

செய்தி கொண்டுபோகிற வேலை சித்தப்பாவுக்கு. யாரும் அவரிடம் அதை ஒப்படைக்கவில்லை. சாந்தமான முகம், அவசரப்படாத கால். அதனால் அது தானாகவே அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் வருகிற விதத்திலேயே செய்தி இருந்தது. படலையில் சைக்கிள் மணி அடிக்கமாட்டார். கதிரையைக் காட்டினால் இருக்கமாட்டார். தேத்தண்ணி வேண்டாம், ஒரு மிடறு தண்ணீர் போதும் என்பார். மழை எப்படி, கிணற்றில் நீர் கிடக்கிறதா, கோழி முட்டையிடுகிறதா என்று சுற்றி வருவார். பிறகு தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு, இன்னாருக்குக் கொஞ்சம் சுகமில்லையாம், ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம் என்பார்.

அவ்வளவுதான். அம்மா குசினிக்குள் போய்த் தணலில் தண்ணீர் தெளிப்பா. கோழிகளை நேரத்தோடு அடைப்பா. அலுமாரியைத் திறந்து வெள்ளைச் சேலையைப் பையின் அடியில் வைத்து, அதன் மேல் பூப்போட்ட சேலை ஒன்றை விரித்து மூடுவா. ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. லோஞ்சில் காற்று முகத்தில் அடிக்க, போனவுடன் நோயாளிக்கு என்ன கஞ்சி வைக்கலாம் என்று அவ கேட்க, உள்ளிக் கஞ்சி நல்லது என்று சித்தப்பா பதில் சொல்லுவார். இரண்டு பேருக்கும் தெரியும். ஒடுக்கமான வாசலால் பாரமான அலுமாரி ஒன்றை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் போல, ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு மெல்ல மெல்லப் போவார்கள். இறக்கி வைக்கிற இடம் சாவீட்டுப் படலை. அழுகை அங்கேதான்.

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவரும் நம்பாத ஒன்றைப் பொய் என்று எப்படிச் சொல்கிறது?

பிறகு நான் வளர்ந்து படித்து, தபால் கந்தோரில் தந்தி எடுக்கிற மேசைக்கு வேலைக்குப் போனேன். அங்கே இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, சித்தப்பா எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, ஊர் முழுக்க இருக்கிறார் என்று. கண்கள் சிவந்து, மேற்சட்டைப் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு வருவார்கள். தகப்பன் விடியப்புறம் போய்விட்டார் என்று என்னிடம் சொல்லுவார்கள். தந்தியில் என்ன போடுகிறது என்று கேட்டால், அப்பா சீரியஸ், உடனே வரவும் என்று போடுங்கோ என்பார்கள். தந்தி அந்த நாளில் இங்கிலீசு எழுத்தில்தான் போகும். ஆனால் எந்த எழுத்தில் போனாலும் இந்த வசனம் ஒன்றுதான். உண்மையில் சீரியசாக இருக்கிறவரின் பிள்ளைகளும் வந்து அதே வசனத்தை எழுதினார்கள். மேசையின் இந்தப் பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். அதைக் கையில் வாங்குகிறவருக்குத் தெரியாது. அவர் செத்ததென்றே எடுத்துக்கொள்ளுவார்.

கிண்ணியா வியாபாரி ஒருவர், தன் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, உடனே வரவும் என்று மாமனார் வீட்டுக்கு ஒரு தந்தி கொடுத்தார். அவர்கள் வாகனம் பிடித்து, சனத்தை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்ததை மட்டும் சொல்லி உடனே வரச் சொன்னால் தாய் இல்லையென்றுதானே அர்த்தம். வாசலில் கேட்ட அழுகையைக் கேட்டு, தன்னுடைய வாப்பாவுக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று பிள்ளை பெற்றவளும் உள்ளே இருந்து குழறத் தொடங்கினாளாம். அன்று அந்த வீட்டில் நியாயமான காரணத்துக்காக அழுதது குழந்தை ஒன்றுதான் என்று அந்த வியாபாரி வந்து என்னிடம் சொன்னார். ஏச வந்தவர், சொல்லிச் சொல்லித் தானே சிரித்துவிட்டார்.

தந்தி கொண்டுபோகிற எங்கள் பியோனும் ஒரு முறை பழகி வைத்திருந்தார். நல்ல செய்தியென்றால் ஒழுங்கைத் தொடக்கத்திலிருந்தே மணியை அடித்துக்கொண்டு போவார். கெட்டதென்றால் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பார். வேலியோரத்துப் பெண்கள் அவருடைய காலைப் பார்த்தே தலைமயிரை அவிழ்ப்பதா முடிவதா என்று தீர்மானித்தார்கள். ஒருநாள் சில்லுக்குக் காற்றுப் போய் உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு முழு ஒழுங்கையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கலவரக் காலங்களிலும் இதே பாஷைதான். கந்தளாய்ப் பக்கம் கொஞ்சம் பிரச்சினையாம் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லுவார்கள். அந்தக் கொஞ்சத்துக்குள் எத்தனை வீடு எரிந்து கிடக்கிறது என்று கேட்பவர்கள் தாங்களே அளந்துகொள்ளுவார்கள். கடைக்காரர் சாக்கை இறக்கிக் கதவு போடுவார். மெல்லச் சொல்லச் சொல்ல, கேட்கிற காது பெரிதாகிக்கொண்டே போனது.

கந்தளாயில்தான் என்னுடைய அக்கா இருந்தா.

நாங்கள் வேதக்காரர், மாதா கோயில் சனம். அத்தான் சைவம். இயந்திரம் பூட்டுகிற வேலை. டொக்யாட்டில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டுக் கந்தளாய்ச் சீனி ஆலைக்குப் போனார். அக்கா கோயிலில் கலியாண ஓலை வாசிக்காமல், மாதா பிதா சம்மதம் கேளாமல், பதிவுகாரரிடம் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு அவரோடு பஸ் ஏறிவிட்டா. அப்பா சத்தம் போடவில்லை. அவர் எதற்கும் சத்தம் போடுகிற மனிதர். காகம் கரைந்தாலும் ஏசுவார், சோற்றில் கல் கிடந்தாலும் ஏசுவார், வெள்ளைக்காரன் போனதற்கும் ஏசினார், இருந்தபோதும் ஏசினார். அக்காவின் விஷயத்தில் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று யாரும் கேட்டால், ஒண்டு என்று என்னைக் காட்டினார். ஏச்சு நின்றுபோன இடத்தில்தான் ஆளை உறவிலிருந்து வெட்டிவிட்டார் என்று எங்களுக்கு விளங்கியது.

அம்மா போன நாளில் சித்தப்பா முதல் பஸ்ஸில் கந்தளாய்க்குப் போனார். அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம், உன்னைப் பாக்க வேணுமாம். அக்கா இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவ. அவவுக்கு இந்தப் பாஷை தெரியாதா? தெரியும். ஆனால் அம்மா அவவை வரச்சொல்லி ஆள் மூலம் சொல்லிக்கொண்டே இருந்தவ. அந்த ஆசை காதை அடைத்துவிட்டது. உண்மையாகவே சுகமில்லை என்று நம்பிவிட்டா. பஸ்ஸில் வழி முழுக்க, அம்மா என்ன சாப்பிடுகிறா, எழும்பி நடக்கிறாவா, என்னோடு கதைக்க அப்பா விடுவாரா என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறா. சித்தப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். காலமை ரெண்டு வாய் கஞ்சி குடிச்சவ என்று கூடச் சொன்னாராம். பாலையூற்றுச் சந்தியில் இறங்கியபோது அவர்களுக்கு முன்னால் ஒரு கைவண்டி போனது. வாடகைக் கதிரைகள் காலை மேலே தூக்கிக்கொண்டு அடுக்கியிருந்தன. எந்த வீட்டுக்கு என்று அக்கா கேட்டா. வண்டிக்காரனுக்கு அவ யாரென்று தெரியாது. தெரிந்திருந்தால் அவனும் கொஞ்சம் சுகமில்லை என்றுதான் சொல்லியிருப்பான். தெரியாதபடியால் உள்ளதைச் சொன்னான்.

அக்கா அழவில்லை. ஊர் அதைக் கவனித்தது. அப்பா தலையைத் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தார். அடக்கம் முடிந்த பின்னேரம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது நான் மட்டும் அவவோடு நின்றேன்.

“இந்த வீட்டாக்களின்ர கதையை இனி நான் நம்பமாட்டன்,” என்றா. “அப்பா உயிரோட இருந்து கூப்பிட்டால் வருவன். செத்தவீட்டுக்கு வரமாட்டன். சொல்லிப்போட்டன்.”

சித்தப்பாவிடம் நான் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அவர் கோபிக்கவில்லை. வழக்கம்போலப் பெருவிரலைப் பார்த்தார். “பஸ்ஸில வந்த நேரம் மட்டுமெண்டாலும் அவளுக்குத் தாய் இருந்தவதானே பிள்ளை,” என்றார். சில நாட்களில் அவர் சொன்னது சரி என்று படுகிறது, சில நாட்களில் கையிலிருப்பதை எறிந்து உடைக்க வேண்டும் போல இருக்கிறது.

வருஷங்கள் போயின. அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் கொண்டுபோய் வைத்திருங்கள், விருப்பமானதைக் கொடுங்கள் என்று டொக்டர் சொன்னார். டொக்டரும் எங்கள் ஊரவர். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. நான் கந்தோரில் லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்றேன். அப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்து, றோட்டில் போகிற பஸ்களின் சத்தத்தைக் கேட்டார். இது கண்டி பஸ்ஸோ, கந்தளாய் பஸ்ஸோ என்று கேட்பார். கந்தளாய் பஸ் என்றால், இப்ப அது கப்பல்துறையில நிண்டுதானே வருது என்பார். இப்படியே றோட்டை அளந்துகொண்டிருந்தவர், ஒருநாள் காலமை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, அவளைப் பாக்க வேணும் என்றார்.

நான் கந்தோருக்குப் போய் என் கையாலேயே எழுதினேன். அப்பா சீரியஸ். உடனே வரவும். எழுதி முடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது உண்மை. முழு உண்மை. ஆனால் எத்தனையோ பேருடைய சாவுக்கு நான் அனுப்பிய அதே வசனம். வேறு எப்படி எழுதலாம்? அப்பா உயிரோடு இருக்கிறார் என்று எழுதினால் சந்தேகமே இல்லை, போய்விட்டார். பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதினால் அதைவிட மோசம். நல்ல மனதோடு ஒவ்வொரு சொல்லாக எடுத்து எடுத்துச் சாவுக்குக் கொடுத்துவிட்டோம். உயிரோடு இருக்கிற ஒரு மனிதருக்கு என்று ஒரு சொல் மிச்சமில்லை. அதையே அனுப்பினேன்.

அக்கா வரவில்லை.

அடுத்த நாள் வெயில் ஏறுகிற நேரம். நான் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அப்பா விறாந்தையில். படலையைத் திறந்துகொண்டு ஒரு ஆள் வந்தார். வெள்ளை நீட்டுக்காற்சட்டை, வெள்ளைச் சட்டை, கையில் கடதாசியில் சுற்றிய பெரிய மெழுகுதிரிக் கட்டு. சட்டைக் கையில் ஒரு கறுப்புத் துண்டைச் சுற்றி ஊசி குத்தியிருந்தார். அத்தான். எங்கள் வீட்டு முற்றத்தில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வேதக்காரர் வீட்டுச் சாவுக்கு எப்படிப் போகிறது என்று ஆலையில் யாரிடமோ கேட்டறிந்து ஒழுங்காக வந்திருந்தார். பந்தலைத் தேடினார். கதிரைகளைத் தேடினார். கொடியில் காய்கிற சாரத்தைப் பார்த்தார். பிறகு சாய்மனைக் கதிரையில் இருந்து தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிற மாமனாரைக் கண்டார்.

அப்பாவின் கண் அந்தக் கறுப்புத் துண்டில் நின்றது.

“ஆருக்கு?” என்று கேட்டார்.

அத்தான் மெழுகுதிரிக் கட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“எனக்கோ?”

“ஓம் மாமா.”

நான் கையில் ஈர உடுப்போடு நின்றேன். அப்பாவின் நெஞ்சு குலுங்கியது. இருமல் என்று நினைத்துக்கொண்டு ஓடிப்போனேன். சிரிப்பு. நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் காணவில்லை.

“அப்ப வாரும், இரும். செத்தவீட்டுக்கு வந்தனீர், தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது.”

அத்தான் கதிரையின் நுனியில் இருந்தார். அக்கா தந்தியைக் கண்டதும் பாயில் இருந்துவிட்டாவாம். அழுது முடித்துவிட்டு, நீங்கள் போங்கோ, ஒரு ஆளாவது அங்க நிக்க வேணும், நான் சொன்னது சொன்னதுதான் என்று அனுப்பியிருக்கிறா. அயலில் உள்ள பெண்கள் துக்கம் விசாரிக்க வந்து அவவோடு இருக்கிறார்களாம். அத்தான் உடனே திரும்பிப் போய்ச் சொல்கிறேன் என்று எழும்பினார். சொன்னால் நம்புவாளோ என்று அப்பா கேட்டார். அத்தான் யோசித்தார். நேர்மையான மனிதர். நம்பமாட்டா என்றார். உங்களையும் தங்கள் பக்கம் சேர்த்துப்போட்டினம் எண்டுதான் சொல்லுவா.

அதற்குள் சித்தப்பாவும் வந்து சேர்ந்தார். தானே போவதாகச் சொன்னார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம். அவர் விறாந்தைப் படியில் இருந்துவிட்டார்.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, எழுது என்று என்னிடம் சொன்னார். நான் பேனை எடுத்தேன். அவர் என் முகத்தையும் பார்க்கவில்லை, அத்தானுடைய முகத்தையும் பார்க்கவில்லை. முற்றத்து மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “உன்ர கலியாணத்துக்கு நான் வந்திருக்க வேணும்.”

அத்தான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

நான் எழுதினேன். எழுதிவிட்டுத் தந்திக்காரியாக அதைப் படித்தேன். இதைத்தானே எல்லாச் சாவீட்டிலும் சொல்லுகிறார்கள். கடைசி நேரத்தில் உன்னைத்தான் கேட்டவர், உன்னில கோபம் இல்லை எண்டு சொல்லிப்போட்டுத்தான் கண்ணை மூடினவர் என்று, போனவர் சொல்லாததையெல்லாம் இருக்கிறவர்கள் சொல்லி ஆறுதல் கொடுப்பார்கள். இவ்வளவு அன்பான ஒரு வசனம் அப்பாவின் வாயிலிருந்து உயிரோடு வந்ததென்று அக்கா எப்படி நம்புவா? இது போனால் அவ இன்னும் ஒருமுறை அழுவா. வரமாட்டா. நான் அதை அப்பாவிடம் மெல்லச் சொன்னேன். அத்தான் தலையை ஆட்டினார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். சொல்ல எவ்வளவு காலம் எடுத்த வசனம் அது. அதை நான் திருப்பி அவர் கையில் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தபோது அது பழைய கண். காகத்தை ஏசுகிற கண்.

“அதை வெட்டு. இதை எழுது. என்ர மருமகன் ஒரு மடையன். இருக்கிற ஆளுக்கு மெழுகுதிரி கொண்டு வந்திருக்கிறான். அவனைப் பிடிச்ச நீ அவனிலும் மடைச்சி. நான் இன்னும் ஏசி முடியேல்லை. வந்து கேள்.”

இப்படியே அனுப்பவோ என்று கேட்டேன். அப்பாவுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. அத்தான்தான் எழும்பி வந்து என் தோளுக்கு மேலால் அதைப் பார்த்தார். மடையன் என்ற சொல்லை விட்டுவிடாதேங்கோ தங்கச்சி என்றார். அவருடைய குரலில் ஏதோ இருந்தது. அந்த வசனத்தில் அதற்கு முன்னால் நின்ற மருமகன் என்ற சொல்லை அவரும் கவனித்திருந்தார்.

கந்தளாய்க்குத் தந்தியை நாங்கள் போனில் எழுத்தெழுத்தாகச் சொல்லுவோம். மற்றப் பக்கத்தில் இருந்தவர் பாதியில் நிற்பாட்டினார். மிஸ், இது சரிதானோ என்று கேட்டார். சரி என்றேன். ஆர் அனுப்பினது? தகப்பன். கடும் கோவமோ? இல்லை, ஆள் இருக்கிறார் எண்டு அர்த்தம் என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் மடைச்சியை இரண்டு தரம் சரிபார்த்து எழுதிக்கொண்டார்.

அக்கா அதை நின்றபடியே வாசித்தாவாம். வாசித்துவிட்டுச் சிரித்தாவாம். துக்கத்துக்கு வந்து பாயில் இருந்த பெண்கள், துயரம் தலைக்கு ஏறிவிட்டதென்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினார்களாம். இது பிறகு அவவே சொன்னது. ஒரு மனிதர் செத்தபிறகு அவருக்காக இப்படி ஒரு ஏச்சை இட்டுக்கட்டுகிற மனசாட்சி இல்லாத ஆள் எங்கள் குடும்பத்தில் இல்லை என்று அவவுக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலமை பஸ்ஸில் வந்தா. வந்தும் படலைக்கு வெளியே நின்றா. அப்பாவை அன்று எழுப்பி விறாந்தையில் இருத்த ஏலவில்லை. அறைக்குள் கட்டிலில் கிடந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அக்கா வரவில்லை. முற்றத்தைப் பார்த்தா, கொடியைப் பார்த்தா, என்னுடைய முகத்தைக் கூர்ந்து பார்த்தா. நம்பவும் ஆசை, நம்பி இன்னொரு தரம் விழவும் பயம். “அவர் கதைக்கட்டும். கேட்டுப்போட்டு வாறன்,” என்றா.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அப்பா மூச்சைச் சேர்க்கிறார். எவ்வளவு நேரம் எடுத்தது. றோட்டால் ஒரு லொறி போனது.

“ஆரது படலையைத் திறந்துபோட்டுக்கொண்டு நிக்கிறது? மாடு பூரப்போகுது.”

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினா.

அதன்பிறகு இருந்த நாட்களை எப்படிச் சொல்கிறது? வீட்டில் ஒரே ஏச்சு. கஞ்சி தண்ணி என்று ஏச்சு, யன்னலைத் திறந்ததற்கு ஏச்சு, சாத்தியதற்கு ஏச்சு. அக்காவும் விடவில்லை. உங்களுக்குக் கஞ்சி வைக்கவோ நான் கந்தளாயில இருந்து வந்தனான் என்று திருப்பிக் கொடுத்தா. வெளியில் கேட்டவர்கள் இந்த மனுசன் சாகும்போதாவது மகளோடு நல்லபடி கதைக்கக்கூடாதா என்றிருப்பார்கள். அவர் முயற்சி செய்தார். நான் பார்த்தேன். ஒரு பின்னேரம் அக்கா காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது குரலைத் தணித்து, பிள்ளை, என்று தொடங்கினார். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. கை அப்படியே நின்றது. மெல்லப் பேசினால் அந்த வீட்டில் என்ன அர்த்தமென்று அவவுக்குத் தெரியுமே. அப்பா அவவின் முகத்தைப் பார்த்தார். அந்த நேரம் அவருக்குள் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. பிடிக்கிறதெண்டால் ஒழுங்காப் பிடி, மா பிசையிற மாதிரிப் பிசையாதை என்றார். அக்காவுக்கு மூச்சு வந்தது.

இன்னொரு தரமும் தொடங்கினார். அதுவும் அப்படியே முடிந்தது. அவவைப் பயப்படுத்தாமல் சொல்ல அவரிடம் வேறு குரல் இல்லை. கடைசியாக அவர் சொன்னது உப்பைப் பற்றி. கூட என்றாரா குறைவு என்றாரா என்று எனக்கும் அக்காவுக்கும் பிறகு ஒத்துவரவில்லை. பகல்நேரம்தான். அத்தான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சித்தப்பா சொந்தக்காரருக்குச் சொல்லச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எப்படிச் சொல்லப்போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து அக்காவும் அத்தானும் போகிற நாள் நான் சந்தி வரை போனேன். பஸ் வரச் சுணங்கியது. அக்கா களைத்திருந்தா, ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. கடைசி மட்டும் ஏசிப்போட்டுத்தான் போனவர் என்று சந்தோஷம் போலச் சொன்னா. எனக்கு அத்தான் வந்த அந்தக் காலமையின் நினைவு மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. வெட்டிவிட்ட அந்த வசனம் என்னிடமும் அத்தானிடமும்தான் இருந்தது. சித்தப்பாவிடமும் இருந்தது; அவர் சொன்னால் எடுபடாது.

சொன்னேன். தான் உன்ர கலியாணத்துக்கு வந்திருக்க வேணும் எண்டு அப்பா சொன்னவர், அக்கா. எழுதச் சொல்லி, நான்தான் எழுதினனான்.

அக்கா என்னை ஆறுதலாகப் பார்த்தா. ஒரு சாவீட்டில் அயலவர்கள் கொண்டுவந்து கொடுக்கிற தேத்தண்ணியை வாங்குகிற மாதிரி, மரியாதையோடு, அதை வாங்கிக்கொண்டா. அத்தானைப் பார்த்தா. அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, உண்மைதான், நானும் இருந்தனான் என்றார். நிலத்தைப் பார்த்திருக்கக்கூடாது. அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கத்தான் குனிந்தார். ஆனால் எங்கள் குடும்பத்தில் நிலத்தைப் பார்த்துச் சொல்லுகிற கதைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

“நீயும் சித்தப்பா மாதிரிக் கதைக்கப் பழகிட்டாய்,” என்றா அக்கா. கோபமில்லை. என் கன்னத்தைத் தட்டினா.

நான் வாதாடத் தொடங்கினேன். எந்த நேரம், எந்தக் கதிரை, அத்தான் கோப்பையை எப்படிக் கீழே வைத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். விபரம் கூடக் கூட அது இட்டுக்கட்டியது போலவே எனக்கே கேட்டது. நிறுத்தினேன்.

பஸ் வந்தது. அவர்கள் ஏறினார்கள். அக்காவுக்கு யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. கொண்டக்டர் மணி அடிக்கக் கையைத் தூக்கியபோது, அவ யன்னலால் தலையை நீட்டி, அருகில் வா என்று கையைக் காட்டினா. போனேன்.

“அப்பா என்ன சொன்னவர் எண்டு சொன்னனீ,” என்றா. “இன்னொருக்காச் சொல்லு.”

சொன்னேன்.